தூங்காதவன் தூங்கினான் என்றோம்

பங்குனி 3

இன்றும் அக்காவுக்கும் பாம்புக்கும் சண்டை. மரத்தடியில் சருகு கூட்ட வேண்டும், கொஞ்சம் நகருடா என்றாள் அக்கா. லாதோனுக்கு நூறு தலை. ஒரு தலை "சரி" என்றது, ஒன்று "மாட்டேன்" என்றது, ஒன்று ஆட்டைப் போலக் கத்தியது. கடைசியில் பொடியன், அதாவது இருப்பதிலேயே சின்னத் தலை, அக்காவின் குரலிலேயே "கொஞ்சம் நகருடா" என்று அவளுக்கே திருப்பிச் சொன்னான். நான் சிரித்துத் தொலைத்தேன். கூட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் இடம் உலகத்தின் மேற்குக் கோடி. சூரியன் கடலில் இறங்குவது வாசலில் நின்றால் தெரியும். தோட்டத்தின் நடுவில் ஒரே ஒரு மரம், அதில் தங்க ஆப்பிள். தேவர்களின் மகாராணி ஹீராவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அதற்குக் காவல் நாங்கள் மூன்று பேர்: அக்கா ஐக்லே, நான், சின்னவள் அரேதுசா. வானத்தைத் தோளில் சுமக்கிறாரே அட்லஸ், அவருடைய பெண்கள்.

எங்களுக்குக் காவல் லாதோன். அது ஏன் என்று எழுத இன்று பிடிக்கவில்லை.

பங்குனி 5

எழுதித்தான் தொலைக்கிறேன். ஊருக்கே தெரிந்த கதைக்கு என்ன மூடாக்கு?

ஒரு தரம் நாங்கள் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றோம். மூன்று பேர், ஒரே பழம். ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை, வாயில் மாவாகக் கரைந்தது. மகாராணி வந்து கிளையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அடுத்த முறை வரும்போது பாம்பைக் கொண்டுவந்து மரத்தில் சுற்றிவிட்டாள். "இவன் தூங்க மாட்டான்" என்றாள். அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை.

சுவருக்கு வெளியே ஆடு மேய்ப்பவர்கள் இன்றைக்கும் எங்களைப் பார்த்தால், "வேலியே பயிரை மேஞ்ச வீட்டுப் பொண்ணுங்க போறாங்க" என்கிறார்கள். காதில் விழாத மாதிரி நடக்கப் பழகிவிட்டேன். அக்காவுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள்.

பௌர்ணமியன்று ஹீராவின் கல்யாண நாள். வருஷா வருஷம் அன்றைக்கு வந்து மரத்தைப் பார்ப்பாள். இப்போதே அக்கா வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

பங்குனி 8

வெளி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போனேன். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அம்மாடி, என்ன உடம்பு! வேனிலிலும் சிங்கத்தின் தோலைப் போர்த்தியிருந்தான். தண்ணீர் கேட்டான், ஊற்றினேன். பெயரைக் கேட்டான், சொன்னேன்.

"எரித்தியா," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "உங்கப்பாவைப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

குடம் கையில் இருந்து நழுவியது.

"தோள் ரெண்டும் புண்ணா இருக்கு. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல, பாவம்," என்றான்.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்தபோது நான் அவர் முழங்கால் உயரம். சின்னவள் பார்த்ததே இல்லை. காவலை விட்டு அவர் நிற்கும் வடக்கு மலைக்குப் போக எங்களுக்கு அனுமதி கிடையாது. வீட்டில் அவர் பேச்சை எடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள்.

தண்ணீர் கொடுத்தேன், வந்துவிட்டேன். வேறொன்றும் இல்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று அக்கா கேட்டதற்குக் கயிறு அறுந்துவிட்டது என்றேன்.

பங்குனி 9

சின்னவளின் முறை. இருந்தாலும் தண்ணீருக்கு நானே போனேன்.

பங்குனி 11

சிங்கத்தோல்காரன் ஒன்று சொன்னான். நாள் முழுக்க அது மண்டையில் ஓடுகிறது.

"ஒரு நாள் அந்த வானத்தை நான் தாங்கிக்கிறேன். உங்கப்பா வந்து உங்களைப் பாத்துட்டுப் போகட்டும். என் தோளு தாங்கும்."

தாங்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

"ஆனா அவருக்குப் பாம்புன்னா பயம். பாம்பு ஒண்ணும் பண்ணாதுன்னு நான் போய்ச் சத்தியம் பண்ணணும். நானே பயந்துகிட்டு எப்படிச் சத்தியம் பண்ண? அது என்னைப் பாத்துச் சீறாம இருந்தாப் போதும். கிளம்பிப் போயி அவரை அனுப்பி வச்சுடுவேன்."

உங்களுக்கு இதனால் என்ன என்று கேட்டேன். "பெரியவருக்கு ஒரு ஒத்தாசை," என்றான். அம்புகளின் முனையையெல்லாம் துணியால் சுற்றி வைத்திருந்தான். எதற்கு என்றேன். துருப்பிடிக்காமல் இருக்க என்றான். சுத்தமான ஆள் போலிருக்கிறது.

வீட்டில் என்னை யாரும் எரித்தியா என்று கூப்பிடுவதில்லை. மூத்தவள் அக்கா, கடைசி சின்னவள், நான் நடுவுள்ளவள். அவன் மட்டும் முழுப் பெயரைச் சொல்கிறான்.

பங்குனி 12

எங்கள் தோட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் உள்ளே வர வேண்டுமானாலும் முதலில் கை காட்ட வேண்டும். மரத்தின் இலையைக் கசக்கி, எங்களில் ஒருத்தி அவர் உள்ளங்கையில் தேய்ப்பாள். லாதோன் அதை நக்குவான். ஒரு தலை நக்கினால் போதும், நூறு தலைக்கும் அந்த ஆள் பழக்கமாகிவிடுவார். அப்புறம் அவர் எந்நேரம் வந்தாலும் சீற்றம் கிடையாது. மகாராணி சொல்லாமல் யாருக்கும் கை காட்டக் கூடாது. கடைசியாக வாய்க்கால் வெட்ட வந்த கிழவருக்குக் காட்டினோம், அதுவும் அவள் சொல்லித்தான்.

இன்று ஒரு இலை பறித்தேன். இலைதானே, பழமா?

பொடியன் பார்த்துவிட்டான். "எதுக்குக்கா இலை?"

"தலைவலிடா."

"எந்தத் தலை?" என்றான். நூறு தலைக்காரன் அப்படித்தான் கேட்பான்.

பங்குனி 13

சுவர் இடிந்த மூலையில் பொடியனுக்கு ஒருவரைப் பழக்கிவிட்டேன். அவன் நாக்கை நீட்டுவதற்கு முன்னால், "இது யாரு?" என்று கேட்டான்.

"நம்ம ஆளு," என்றேன்.

இலைச்சாறு என் விரலிலும் உள்ளங்கையிலும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. கழுவினால் போகவில்லை. முன்பு கை காட்டிய நாட்களில் அது போக எவ்வளவு நாளாகும் என்று நான் கவனித்ததே இல்லை.

பங்குனி 14

வாற்கோதுமை இடித்தேன். அத்திப்பழம் பறித்துத் தேனில் போட்டேன். பெரிய பாயைக் கழுவிக் காயப்போட்டேன். யாராவது வருகிறார்களா என்று சின்னவள் கேட்டாள். யாரும் வந்தால்தான் பாயைக் கழுவ வேண்டுமா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் முகம் சுண்டிப் போயிற்று.

பங்குனி 15

லாதோன் செத்துவிட்டான்.

காலையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் நாண் சுண்டும் சத்தம் கேட்டது, ஒரே ஒரு தடவை. சீறல் இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. ஒரு முயல் சுவர் ஓரம் ஓடினாலே நூறு வாயும் சீறும், இன்று ஒரு வாய்கூடச் சீறவில்லை.

ஓடினேன். தலைகளெல்லாம் சுவருக்கு மேலே நீண்டு கிடந்தன. வந்தவனை வரவேற்க நீட்டிய தலைகள். கழுத்தெல்லாம் சேருகிற இடத்தில் ஓர் அம்பு. அதன் முனையில் துணி இல்லை. துரு என்று சொன்னானே, விஷம். காயத்தில் உட்கார்ந்த ஈக்கள்கூட விழுந்து செத்துக்கொண்டிருந்தன. தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கின. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பொடியனிடம் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் கையை நக்கினான்.

"நம்ம ஆளுதானே வந்தது?" என்றான்.

"ஆமாடா," என்றேன்.

வேறு என்ன சொல்ல? அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் போனான்.

மத்தியானம் அப்பா வந்தார். வந்தார் என்றா எழுதுவது? குனிந்தபடியே நடந்து வந்தார். தோளில் வானம் இல்லாதபோதும் முதுகு நிமிரவில்லை, தலை எழவில்லை. மரத்துக்குப் போகும் வழியில் லாதோன் கிடந்தான். அவன்மேல் காலை வைத்து ஏறிப்போய் மூன்று ஆப்பிளைப் பறித்தார். அந்தத் தோல்காரன் வந்ததே இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பறித்தபடியே அப்பா முணுமுணுத்தார்: யாரோ ஒரு ராஜாவுக்கு இந்தப் பழம் வேண்டுமாம், அவனை அனுப்பினானாம், அவன் தன் கையால் பறிக்கக் கூடாதாம்.

கஞ்சிக் கிண்ணத்தோடு முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, சாப்பிட்டுட்டுப் போங்க."

நின்றபடியே இரண்டு அத்திப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். என் காலைத்தான் பார்த்தார், அதற்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை.

"நீ எந்தப் பொண்ணு?" என்றார்.

"நடுவுள்ளவப்பா."

"ஓ," என்றார். பிறகு ரகசியம் போலச் சொன்னார்: "அவன் ஏமாந்தவன். இனி அவனே சுமக்கட்டும். பழத்தை நானே கொண்டு போய்க் குடுத்துட்டு, அப்படியே நாலு ஊரைச் சுத்திப் பாக்கப் போறேன்."

"அப்ப இங்கயே இருங்களேன்பா."

"இங்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாயை விரிக்கவே இல்லை.

பங்குனி 16

பொழுது சாயும்வரை லாதோனின் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்ததாம், நேற்று. சின்னவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்பா வந்துபோனபோதும் அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை என்கிறாள்.

அக்கா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"லாதோன் தூங்கிட்டான். மகாராணி கேட்டா அவ்வளவுதான் சொல்லணும். தூங்கிட்டான், எவனோ வந்து கொன்னுட்டான்."

"அவன் தூங்க மாட்டான்க்கா," என்றாள் சின்னவள்.

"தூங்கினான்னு சொல்றேன்ல?"

நான் வலக்கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி 18

ஊற்றடியில் ஆட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "தூங்காத பாம்பே தூங்கிப்போச்சாமே! அந்த வீட்டுல யாருக்குத்தான் ரோஷம் இருக்கு?" அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அக்காவாகத்தான் இருக்கும். ஐந்தாறு வருஷமாக வாசல் தாண்டாதவள், இதைச் சொல்ல மட்டும் சுவர்வரை போயிருக்கிறாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். அப்பா மறுபடி வானத்துக்கு அடியில் நிற்கிறாராம். தோல்காரன், "சரி, நானே சுமக்கிறேன், தோளில் ஒரு துணி மடிச்சு வச்சுக்கறேன், அதுவரைக்கும் செத்த நேரம் பிடிங்க" என்றானாம். இவரும் பிடித்தாராம். அவன் பழத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்த ஆளின் பேச்சை நம்ப அப்பாவுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது, எனக்கு மூன்று நாள் ஆயிற்று. சிரித்து முடித்தபோது முகமெல்லாம் ஈரம்.

பங்குனி 19

காவலில் தூங்கிச் செத்தவனுக்கு அடக்கம் கிடையாது. கடலில் இழுத்துப் போட வேண்டும், மீன் தின்னட்டும் என்பது விதி. விழித்திருந்து செத்தவனுக்கு என்ன மரியாதை என்பதை மகாராணி முடிவு செய்வாள். அதனால் பௌர்ணமிவரை அவன் மரத்தடியிலேயே கிடக்கிறான். சின்னவள் ஒவ்வொரு தலையாக ஈரத்துணியால் துடைக்கிறாள். ஒரு கண்கூட மூடியிருக்கவில்லை. இருநூறு கண்ணும் திறந்தே இருக்கின்றன. மூடப் பார்த்தாளாம், முடியவில்லையாம்.

தூங்கினான் என்கிறோம். சொல்ல எங்களுக்கு நாக்கு எப்படி வருகிறது?

பங்குனி 20

கஞ்சி ஊற்றும்போது அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மஞ்சள் போகலைன்னா சாம்பல் போட்டுத் தேய்."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எப்பத் தெரியும்க்கா?"

"கயிறு அறுந்ததுன்னு சொன்னியே. அந்தக் கயிறு முழுசா ஆணியில தொங்குது." கரண்டியைப் பானையில் போட்டாள். "ஒரு தடவை திருடிங்கன்னு பேரு வாங்கியாச்சு. அதையே இன்னும் என்னால கழுவ முடியல. இன்னொரு பேரு வேண்டாம்டி நமக்கு. செத்தவனுக்கு ஒரு கெட்ட பேரு வந்தா வரட்டும், அவனுக்குத் தெரியவா போகுது?"

"அக்கா, நான்..."

"சாப்பிடு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள், நான் சாப்பிடுகிறேன். இப்படி ஒரு சோற்றை யாரும் தின்னக் கூடாது.

பங்குனி 21

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்தது. மஞ்சள் அப்படியே இருக்கிறது.

பங்குனி, பௌர்ணமி

மகாராணி விடிந்ததும் வந்துவிட்டாள். கையில் ஒரு சின்ன மூட்டை. திண்டில் உட்கார்ந்து அவிழ்த்தாள். உள்ளே மூன்று தங்க ஆப்பிள்.

"அந்த ராஜா இதைத் தொடவே பயந்துட்டானாம்," என்றாள். "வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டான்."

அப்படியானால் எதற்கு? யாருக்கும் வேண்டாத பழத்துக்காகவா லாதோன் செத்தான்?

மரத்தடிக்குப் போய் லாதோனைப் பார்த்தாள். "என்ன நடந்தது?"

அக்கா முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை. "தூங்கிட்டான் மகாராணி."

"நூறு தலையுமா?"

"நூறும்தான்."

ஹீரா தன்னோடு வந்திருந்த ஆட்களைப் பார்த்து, "கடலுக்கு இழுத்துட்டுப் போங்க," என்றாள். அவர்கள் கயிற்றை எடுத்து வாலில் கட்டப் போனார்கள். சின்னவள் ஓடிப்போய்ப் பொடியனைக் கட்டிக்கொண்டாள். ஓர் ஆள் அவள் கையைப் பிடித்து விலக்கினான்.

நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாய் வந்திருக்காது. மகாராணி முன்னால் போய் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தேன்.

"அவன் தூங்கலை. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். நான் கை காட்டிவிட்டேன். நம்ம ஆளுன்னு சொன்னேன், நம்பினான்."

பின்னால் அக்கா விம்முவது கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மகாராணி உள்ளங்கையைப் பார்த்தாள். "யார் சொல்லிக் காட்டினே?"

"யாரும் சொல்லலை."

"எதுக்கு?"

"அப்பா வருவார்னு."

"வந்தாரா?"

"வந்தார்."

"என்ன சொன்னார்?"

"நீ எந்தப் பொண்ணுன்னு கேட்டார்."

இதைச் சொல்லும்போதுதான் உடைந்தேன். அவன் செத்ததற்கு அழாதவள் இதற்கு அழுகிறாளே என்று எனக்கே கேவலமாக இருந்தது. அழுகை நிற்கவில்லை, என்ன செய்ய?

ஹீரா ஆட்களிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். குனிந்து லாதோனின் கழுத்தில் கை வைத்தாள். "முழிச்சிருந்து செத்தவன் முழிச்சே இருக்கட்டும். இவனை வானத்துல வைக்கிறேன். வடக்குப் பக்கம். மத்த நட்சத்திரமெல்லாம் கடல்ல இறங்கும், இவன் இறங்கமாட்டான்."

ஆப்பிளை என் கையில் கொடுத்தாள். மஞ்சள் கையில்தான் கொடுத்தாள். கிளம்பும்போது அக்கா கேட்டாள்:

"அடுத்த காவலுக்கு யாரை அனுப்புவீங்க?"

"யாரும் வரமாட்டாங்க. நீங்க மூணு பேர் இருக்கீங்கள்ல?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இந்த முறையும் திட்டவில்லை.

பங்குனி 26

அக்கா என்னோடு பேசுவதில்லை. ஆனால் இன்று குடத்தை எடுத்துக்கொண்டு அவளே ஊற்றுக்குப் போனாள். ஆட்டுக்காரர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "ஆமா, அவன் தூங்கல. எங்க வீட்டுப் பொண்ணுதான் தப்பு பண்ணினா. அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டுவிட்டு வந்தாளாம். சின்னவள் சொன்னாள்.

எங்க வீட்டுப் பொண்ணு என்றாளாம். அதை மட்டும் சின்னவளை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பங்குனி 28

கடல் பக்கம் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. சின்னவள் கூவினாள், "அதோ!" வடக்கே மலைக்கு மேலே லாதோன் நட்சத்திரமாக, ஒவ்வொரு தலையாக வந்தான். கடைசியில், ரொம்ப மங்கலாகப் பொடியன்.

"அவ்வளவு பெரிய உடம்பு, வானம் தாங்குமாக்கா?" என்றாள் சின்னவள்.

அந்த மலையில்தான் அப்பா நிற்கிறார். வானத்தைச் சுமப்பவர் அவர்தானே. காலை வைத்து ஏறிப்போனாரே, அவனையும் சேர்த்துத்தான் இனிச் சுமக்க வேண்டும். அவரால் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. பாரம் மட்டும் தெரியும். சின்னவளிடம் இதைச் சொல்லவில்லை. தாங்கும் என்றேன்.

"அங்க இருந்து நம்மளை அடையாளம் தெரியுமா அவனுக்கு?"

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வலக்கையை விரித்து மேலே தூக்கிக் காட்டினேன். மஞ்சள் இன்னும் போகவில்லை. யாரென்று அவனுக்குத் தெரியும்.